கல்லாவில் பிறந்த கல்வி!

தோழனே!

உன் தெருமுனையில் ஒரு மளிகைக்கடை உண்டு. தந்தை நிறுக்க, தாய் பொட்டலம் கட்ட, மகன் கணக்கெழுதும் கடை. தலைமுறை தலைமுறையாக உன் வீட்டு அடுப்புக்கு உப்பும் புளியும் தந்த அண்ணாச்சி கடை! கடந்து செல்கிறாய் நாள்தோறும். அந்தக் கடை கடந்து வந்த பாதையை அறிவாயோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டை எண்ணிப்பார். பனையேறிப் பிழைத்த சமூகத்தாரில் ஒரு பகுதியினர் வணிகம் செய்ய வடக்கே வந்தனர். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஊர்களில் கூடி வாழ்ந்தனர். சரக்கையும் வண்டியையும் காக்கப் பேட்டைகள் அமைத்தனர். விற்ற சரக்கின்மீது தமக்குத்தாமே சிறு வரி விதித்துக்கொண்டனர். மகமை என்பது அதன் பெயர். ஆணையிட அரசன் இல்லை. தண்டல் செய்யச் சேவகன் இல்லை. ஆயினும் காசு சேர்ந்தது!

காசு சேர்ந்தது, மதிப்புச் சேர்ந்ததா? 1897-இல் கமுதிக் கோயிலுள் நுழைந்தனர். வழக்கு மூண்டது. 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் தோற்றனர். கைநீட்டிப் பொருள் வாங்கியபோது ஒட்டாத தீட்டு, கைகூப்பி வணங்கியபோது ஒட்டிக்கொண்டதாம்!

கோயிற்கதவு அடைபட்டது, பள்ளிக்கதவு திறந்தது. விருதுநகரில் 1889-இலேயே சத்திரிய வித்தியாசாலை எழுந்திருந்தது. வீடுதோறும் ஒதுக்கிய பிடி அரிசி அதனைத் தாங்கியது. தேங்காய் வணிகர் குமாரசாமியின் மைந்தர் காமராசர் அங்கே பயின்றார். பாதியில் படிப்பை விட்டார்; முதலமைச்சரானதும், 1956-இல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவிட்டார். கல்லூரியைப் பாதியில் விட்ட எனக்கு அதனை எழுதும்போது நெஞ்சு நெகிழ்கிறது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. இன்று அதுவே தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

இன்று நிலை என்ன? 2012-இல் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு மைய அரசு வாயிலைத் திறந்தது. இப்போது கைப்பேசியைத் தொட்டால் சரக்கு வீடு தேடி வருகிறது. வரட்டும், வசதியை வெறுக்கச் சொல்லேன். ஆனால், உன் தந்தை வேலையிழந்த திங்களில், முகவாட்டம் கண்டு, கேளாமலே பற்றெழுதியது எந்தச் செயலி?

குறையும் கூறுவேன். பள்ளி செல்லவேண்டிய சிறுவன் கடையில் பொட்டலம் மடித்த காலம் உண்டு. மகமையும் ஒரு சாதியின் வேலிக்குள் நின்றது. அந்த வேலி இனி வேண்டாம். எச்சாதியார் கடையாயினும் கூடிக் கொள்முதல் செய்யட்டும். கூட்டாகக் கிடங்கு அமைக்கட்டும். தனிக்கடை தள்ளாடும், கூடிய கடைகளைத் தள்ள எவரால் இயலும்?

நீ செய்யவேண்டியதும் ஒன்றுண்டு, தோழனே! மாநாட்டு உண்டியலை முதலில் அண்ணாச்சியிடம் நீட்டுகிறோம். மேடையேறிச் "சிறுவணிகம் வாழ்க" என்று முழங்குகிறோம். முழங்கியபின், பாக்கிக்கு அஞ்சிப் பக்கத்துத் தெருவழியே வீடு திரும்பலாமா? பற்று நோட்டில் உன் பெயர் நிற்கிறது. முதலில் அதனைத் தீர்த்து வா, பிறகு முழங்குவோம்!