ஆறாம் ஆண்டோடு முடிவதன்று நம் கடமை

ஆண்டுதோறும் நம் பள்ளியில் நடைபெறும் பரிசளிப்பு விழாவை யாவரும் அறிவோம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் மேடையேறிப் பரிசு பெறுகின்றனர். பெற்றோர் கண்கலங்கிக் கைதட்டுகின்றனர். ஆசிரியப் பெருமக்கள் வாழ்த்தி விடை தருகின்றனர். அடுத்த கல்வியாண்டு பிறந்ததும் அதே பிள்ளைகள் கருநீல உடையைக் களைந்து, ஆண்பிள்ளைகள் பச்சைக் காற்சட்டையும் பெண்பிள்ளைகள் வெளிர்நீல உடையும் அணிந்து, இடைநிலைப்பள்ளியின் வாயிலுக்குள் நுழைகின்றனர். அன்றோடு நம் கைதட்டல் ஓய்ந்துவிடுகிறது. இது முறைதானா என்பதே இம்மலரின் வாயிலாக நாம் எழுப்ப விரும்பும் வினா.

சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். பள்ளி செல்லும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி ஒன்று அமைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பால்மரக் காடுகளுக்கிடையே தமிழ்ப்பள்ளிகள் தோன்றியதற்கு அச்சட்டம் ஒரு காரணம். ஆயினும் அப்பள்ளிகள் தொடக்கக்கல்வியோடு நின்றன. அதற்கு மேல் படிக்க நகரத்தை நாட வேண்டும். 1964 வரை நுழைவுத் தேர்வொன்றும் வழிமறித்து நின்றது. அத்தேர்வு நீங்கிய பின்னர், 1965 முதல், ஆறாண்டு படித்து முடித்த பிள்ளைகள் யாவர்க்கும் இடைநிலைப்பள்ளியின் கதவு திறந்தது. தொடக்கக்கல்வி 2003 முதல் கட்டாயமாயிற்று. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை 2025இல் மக்களவை ஏற்றது.

சட்டம் பிள்ளையைப் பள்ளி வாயில் வரை கொண்டு சேர்க்கும். உள்ளே சென்ற பிள்ளை ஊன்றி நின்று படிப்பதற்குச் சட்டம் மட்டும் போதாது. அங்கேதான் நம் கடமை தொடங்குகிறது.

ஈப்போவைச் சுற்றியுள்ள புந்தோங், மெங்லெம்பு, குனோங் ராப்பாட், ஜெலாப்பாங் போன்ற புறநகர்களில் அரசாங்க இடைநிலைப்பள்ளிகள் இருக்கின்றன. துண்டாடப்பட்ட ரப்பர்த் தோட்டங்களை விட்டு வெளியேறியோரின் பிள்ளைகளும், இன்றும் செம்பனைத் தோட்டங்களில் உழைப்போரின் பிள்ளைகளும் இத்தகைய பள்ளிகளையே நாடுகின்றனர். நம் தமிழ்ப்பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தலைமையாசிரியருக்குத் தெரியும். அங்கோ நூற்றுக்கணக்கான முகங்களுள் நம் பிள்ளையும் ஒரு முகம். பாடமொழியும் மாறுகிறது. இம்மாற்றத்தின் பாரத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை தனியே சுமக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் புகுமுக வகுப்பைப் பற்றிச் சொல்வோம். தேசிய மொழியில் போதிய தேர்ச்சி பெறாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் முதலாம் படிவத்திற்கு முன் ஓராண்டு அவ்வகுப்பில் பயில்கின்றனர். நம்மவருள் பலர் இதனைத் தோல்வி என்றே கருதுகின்றனர்; பிள்ளையின் முன்னிலையிலேயே அவ்வாறு பேசவும் செய்கின்றனர். இது பெரும் பிழை. அவ்வாண்டு மொழியை வலுப்படுத்திக்கொள்ளக் கிடைத்த ஆண்டு. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியில் தேர்ச்சி வேண்டும்; 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். அந்த வரலாற்றையும் மலாய்மொழியிலேயே எழுதவேண்டும். ஆகவே, நான்காம் ஆண்டிலிருந்தே நம் பிள்ளைகள் நாள்தோறும் சிறிது நேரம் மலாய் நூல்களைப் படிக்கச் செய்தல் நலம். தேசிய மொழியைத் திறம்படக் கற்பது தாய்மொழிக்குச் செய்யும் இரண்டகம் ஆகாது.

அடுத்து, தாய்மொழி. இடைநிலைப்பள்ளியில் தமிழ் தானாக வந்து நிற்பதில்லை. கேட்டுப் பெறவேண்டிய பாடம் அது. பதினைந்து மாணவர்களின் பெற்றோர் வேண்டிக்கொண்டால் தமிழ் கற்பிக்க வழிசெய்தல் வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுகிறது. பதினைந்து கையெழுத்து! ஒரு தோட்டத்து லயத்தில் ஒரு மாலைப்பொழுதில் திரட்டிவிடக்கூடிய எண்ணிக்கை அது. எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களே எடுக்கலாம் என்று 2009இல் அறிவிக்கப்பட்டபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் விடுபட்டுப் போகுமே என நம் சமூகம் குரல் எழுப்பியது. அவ்வாண்டு முடிவதற்குள் மேலும் இரண்டு பாடங்கள் எடுக்க இணக்கம் கிடைத்தது. அன்று போராடிப் பெற்ற வாய்ப்பை, இன்று "தமிழ் எடுத்தால் புள்ளி குறையும்" என்று அஞ்சி நாமே கைவிடலாமா?

மூன்றாவது, இணைப்பாட நடவடிக்கைகள். சீருடை இயக்கம் ஒன்று, கழகம் ஒன்று, விளையாட்டு ஒன்று என மாணவர் ஒவ்வொருவரும் பங்குபெறவேண்டும். "படிக்கிற பிள்ளைக்கு ஆட்டபாட்டம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் உளர். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவரைத் தெரிவு செய்கையில் நூற்றுக்குப் பத்துப் புள்ளிகள் இணைப்பாடத்திற்கே உரியவை என்பதை அவர்கள் அறியவேண்டும். ஐந்தாண்டுகளும் பிற்பகலில் வீடு திரும்பிவிட்ட பிள்ளை, தேர்வில் நன்கு எழுதியும் அப்பத்துப் புள்ளிகளுக்காகப் பின்தங்க நேரலாம். புள்ளி ஒருபுறமிருக்க, சாரணர் அணியில் மலாய், சீன மாணவரோடு கூடாரம் அடித்துச் சோறு பொங்கிய பிள்ளைக்குப் பிற இனத்தாரோடு பழகும் அச்சம் தானே அகலும்.

நான்காவது, மேல்படிவத்தில் பாடம் தெரிவு செய்தல். அறிவியலில் நாட்டமுள்ள பிள்ளை அதனைப் பயிலட்டும். கைத்திறன் மிக்க பிள்ளைக்குத் தொழிற்கல்விப் பாடங்களும், 2012 முதல் உருவான தொழிற்கல்விக் கல்லூரிகளும் உள்ளன. நாட்டின் முதல் பல்தொழிற் கல்லூரியாகிய உங்கு ஓமார், 1969இல் நம் ஈப்போவில்தான் தொடங்கப்பெற்றது. அடுத்த வீட்டுப் பிள்ளை எடுத்ததையே நம் பிள்ளையும் எடுக்கவேண்டும் என்பது தெரிவன்று. பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். அவரிடம் கலந்து பேசுதலே முறை.

இவ்வளவும் கேட்டபின் ஓர் உழைப்பாளித் தந்தை, "ஐயா, மாலை வரை பிள்ளை பள்ளியில் இருந்தால் பேருந்து போய்விடும், வேறு வண்டிக்குப் பணம் எங்கே?" என்று வினவலாம். அவ்வினா நியாயமானதே. பாடநூல் இரவல் திட்டம் 2008 முதல் எல்லா மாணவர்க்கும் விரிந்ததால் நூல் வாங்கும் சுமை குறைந்தது. பயணச் சுமையோ அப்படியே இருக்கிறது. ஆயினும் அது தனியொருவர் தீர்க்கவேண்டிய இடர் அன்று. ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டிய காரியம்.

இப்பேராக் மண்ணே அதற்குச் சான்று. சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் பயின்று, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்றவர். தோட்டத் துண்டாடல் தொழிலாளர் வாழ்வைச் சிதைத்த வேளையில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தோற்றுவித்தார். பால்வெட்டுத் தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. தோட்டத்தை வாங்கிய கைகளின் வழிவந்தோர்க்கு, வாரத்தில் ஒரு மாலை பத்துப் பிள்ளைகளை ஏற்றிவர ஒரு வண்டி அமர்த்துவது இயலாத செயலா? திருவிழாவிற்கு நிதி திரட்டும் ஆலயக் குழுவினர் அதில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்கினால், அம்மனும் அகமகிழ்வாள் என்றே நாம் நம்புகிறோம்.

நம் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். இங்கிருந்து விடைபெறும் மாணவர்க்கென ஒரு பதிவேடு வைப்போம். யார் எப்பள்ளியில் சேர்ந்தனர், தமிழ் பயில்கின்றனரா, பள்ளிக்குச் செல்வதை யாரேனும் நிறுத்திவிட்டனரா என்று ஐந்தாம் படிவம் முடியும்வரை ஆண்டுக்கு இருமுறை விசாரிப்போம். நான்காம், ஐந்தாம் படிவங்களில் பயிலும் முன்னாள் மாணவரை அழைத்து, நம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உரையாடச் செய்வோம். பெற்றோர்களே, இடைநிலைப்பள்ளியில் நடைபெறும் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திற்கும் தவறாமல் செல்லுங்கள். மொழி சரளமாக வராதே என்று தயங்கவேண்டாம். உங்கள் வருகையே ஆசிரியருக்கு ஒரு செய்தி.

மாணவச் செல்வங்களே! புதிய பள்ளியில் முதல் சில வாரங்கள் கடினமாக இருக்கலாம். பாடம் புரியாவிடில் கையுயர்த்திக் கேளுங்கள். அங்கே மனம் சோர்ந்தால் இங்கே வாருங்கள். உங்கள் பழைய ஆசிரியர்கள் இங்குதான் இருக்கின்றனர்.

ஆறாம் ஆண்டில் நாம் தட்டும் கை, ஐந்தாம் படிவத்தில் அவர்கள் சான்றிதழ் பெறும் நாளிலும் தட்டவேண்டும். அந்நாள்வரை அவர்கள் நம் பிள்ளைகளே.