அந்தக் கைக்கும் வேலை கொடுங்கள்

பாடாங் செராய், பீடோங், கூலிம் பக்கத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய பாட்டிமார்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். “உளியை எப்படிப் பிடிப்பீங்க பாட்டி?” என்று கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்வதைவிடக் கையை அசைத்துத்தான் காட்டுவார்கள்.

விடியாத இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், பட்டையைச் சுமார் 1.5 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோடு சீவினால் மங்கில் பால் இறங்காது. அடுத்த நிரைக்காரரிடம் கதை பேசிக்கொண்டே இதைச் செய்தார்கள்.

கை தானாகச் செய்ததா? இல்லை. மூளையின் முன்பகுதி திட்டம் போடுகிறது. அதையடுத்துள்ள இயக்கப் பகுதி, தண்டுவடம் வழியாகத் தசைகளுக்கு உத்தரவு அனுப்புகிறது. பின்மண்டையில் உள்ள சிறுமூளை, அசைவு எப்படி அமையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, பிசகினால் திருத்துகிறது. நிறைந்த வாளி என்று நினைத்துக் காலி வாளியைத் தூக்கினால் கை விசுக்கென்று மேலே போகிறதே, அது தப்பிப்போன கணக்கு.

பக்கவாதத்தில் அறுந்துபோவது இந்தத் தொடர்புதான். மூளையின் இடது பக்கம் பாதித்தால் வலது கை விழுந்துவிடும். கையில் பழுதில்லை; உத்தரவுதான் வந்து சேரவில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் அமெரிக்காவில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்துச் சோதனை செய்தார். கையை இழந்த சிலருக்கு, இல்லாத கை இறுகி வலிப்பதுபோல் இருக்கும். நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி அசைத்தபோது, இல்லாத கையும் அசைவதாகச் சிலர் உணர்ந்தார்கள். மூளை அனுப்பிய உத்தரவுக்குக் கண் வழியாகப் பதில் கிடைத்தது. இன்று பக்கவாதச் சிகிச்சையிலும் அந்தக் கண்ணாடி பயன்படுகிறது.

வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? “நீங்க சும்மா இருங்கப்பா” என்று ஊட்டிவிடுகிறோம். சட்டைப் பொத்தானையும் போட்டுவிடுகிறோம். பாசம்தான். ஆனால், வேலை இல்லாத கையை மூளையும் மெல்லக் கைவிட்டுவிடும்.

முதல் சில மாதங்களில்தான் தேறுவது வேகமாக நடக்கும். சுங்கை பட்டாணியிலோ அலோர்ஸ்டாரிலோ ஆஸ்பத்திரியில் கொடுத்த பிசியோதெரபி தேதியை, “கார் இல்லை, ஆள் இல்லை” என்று தள்ளிப்போடாதீர்கள். பயிற்சி தருபவர் சரி என்று சொன்னால், கரண்டியை அந்தக் கையிலேயே கொடுங்கள்.

சோறு சிந்தும். சிந்தட்டுமே, துடைத்துக்கொள்ளலாம்.