அப்பா அம்மாவை கேசினோ ஊருக்கு அனுப்பலாமா?

பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் பக்கம் சாயங்காலம் ஒரு நடை போய்ப் பாருங்கள். மாடி வைத்த பெரிய பெரிய வீடுகள். உள்ளே இரண்டே பேர். பையன் பெங்களூரில் இருப்பான், பெண் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பாள். சார்வாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று, நான்கு வருஷம் ஆகியிருக்கும். நெல்லையப்பர் கோயில், காய்கறிக் கடை, டிவி சீரியல், இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகளின் வீடியோ கால். அதோடு நாள் முடிந்துவிடும்.

இவர்கள் ஊர் சுற்றவே இல்லையா என்றால், சுற்றியிருக்கிறார்கள். காசி, ராமேஸ்வரம் போயிருப்பார்கள். மகள் பிரசவத்துக்கு ஆறு மாதம் அமெரிக்கா போயிருப்பார்கள். ஆனால் அங்கே அம்மாவுக்குக் கிடைத்தது வேறு ஒரு சமையலறை, அவ்வளவுதான். அதை உல்லாசப் பயணம் என்று யாராவது சொன்னால் அம்மாவே சிரித்துவிடுவார்.

இப்போது பிள்ளைகள் கொஞ்சம் தாராளமாகி, "ஜென்டிங் போய்ட்டு வாங்க, சிங்கப்பூர் மெரினா பே பாத்துட்டு வாங்க" என்று டிக்கெட் போட ஆரம்பித்திருக்கிறார்கள். உடனே சொந்தக்காரர்களிடமிருந்து வருகிற கேள்வி: "வயசான காலத்துல சூதாட்ட ஊருக்கா?"

தாராளமாகப் போகலாம் என்பது என் கட்சி. ஆனால் போகிற திட்டத்தில் கேசினோதான் ஆகச் சின்ன ஐட்டமாக இருக்க வேண்டும். இரண்டையும் ஏன் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

முதலில், ஏன் போகலாம்?

கேசினோ ஊர்கள் எல்லாம் உட்கார்ந்து பணம் செலவழிக்கிறவர்களுக்காகக் கட்டப்பட்டவை. அதனால் லிஃப்ட் இருக்கும், நகரும் படிக்கட்டு இருக்கும், சுத்தமான கழிப்பறை இருக்கும், ஏசி இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இவைதான் முக்கியம். குற்றாலத்தில் சீசன் கூட்டத்தில் ஈரப் பாறையில் வழுக்காமல் நிற்பதைவிட சிங்கப்பூரில் நடப்பது அவர்களுக்குச் சுலபம். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. லிட்டில் இந்தியாவில் இட்லி கிடைக்கும், வீரமாகாளியம்மன் கோயில் இருக்கிறது. மெரினா பேயில் இரவு நடக்கும் தண்ணீர், விளக்குக் காட்சிக்கும், பக்கத்துத் தோட்டத்தில் இரும்பு மரங்கள் ஒளிரும் காட்சிக்கும் கட்டணமே கிடையாது.

மலேசியாவின் ஜென்டிங் 1971-ல் தொடங்கியது. சுமார் 6,000 அடி உயரம், அதாவது கொடைக்கானலைவிடக் கொஞ்சம் தாழ்வு. கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கடைசிப் பகுதியில் கொண்டை ஊசி வளைவுகள் வேண்டாம் என்றால் ரோப்காரில் போகலாம். நடுவில் இறங்கி ஒரு சீனக் கோயிலையும் பார்க்கலாம்.

இரண்டாவது, ஏன் கேசினோ சின்ன ஐட்டமாக இருக்க வேண்டும்?

இதற்கு அந்தந்த நாட்டு அரசாங்கங்களே பதில் சொல்லியிருக்கின்றன. சிங்கப்பூரில் 2010-ல் இரண்டு கேசினோக்கள் திறந்தபோதே, உள்ளூர்க் குடிமக்கள் நுழைய ஒரு நாளைக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 2019-ல் அதை 150 வெள்ளி ஆக்கினார்கள். வெளிநாட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுச் சும்மா உள்ளே போகலாம். மலேசியாவில் முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. நேபாளத்தில் நேபாளிகளுக்கே அனுமதி இல்லை. கோவாவில் மாண்டோவி ஆற்றுக் கப்பல் கேசினோக்களுக்குள் கோவாக்காரர்கள் போகக் கூடாது என்று 2020-ல் விதி வந்தது. தன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்காத பலகாரத்தை விருந்தாளிக்கு மட்டும் அள்ளி அள்ளி வைத்தால் நாம் என்ன நினைப்போம்?

அடுத்தது கணக்கு. நான் படிப்பதில் எனக்குப் பிடித்தது இதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஒவ்வொரு எண்ணிலும் 100 ரூபாய் வைத்தால் மொத்தம் 3,700. ஏதோ ஒரு எண் கட்டாயம் விழும். அதற்கு உங்கள் 100-ம், அதன் மேல் 35 மடங்கும் சேர்த்து 3,600 கிடைக்கும். மிச்சம் 100 கேசினோவுக்கு. இது ஏமாற்று இல்லை, பலகையிலேயே எழுதியிருக்கிற விஷயம். ஒரு மணி நேரத்தில் 40 சுற்று, சுற்றுக்கு 500 ரூபாய் என்று ஆடினால் சராசரியாக 540 ரூபாய் போகும். ஒருவர் ஜெயிப்பார், ஒருவர் அதிகம் தோற்பார். ஆனால் நேரம் கூடக் கூடத் தராசு ஒரே பக்கம்தான் சாயும். இரண்டு பூஜ்ஜியம் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதுசும் இல்லை. தமிழக அரசே 1968-ல் பரிசுச் சீட்டு நடத்தியது. 2003-ல் லாட்டரிக்குத் தடை வந்தது. அதற்கப்புறமும் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவில் கேரளா லாட்டரி வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 'ஒரு சீட்டுதானே' என்று தொடங்குவதுதான் எல்லாமே.

பணி ஓய்வுப் பணம் என்பது திரும்பச் சம்பாதிக்க முடியாத பணம். இருபத்தைந்து வயதுப் பையன் பத்தாயிரம் தோற்றால் அடுத்த மாதச் சம்பளத்தில் சரிக்கட்டுவான். அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அது பிக்சட் டெபாசிட்டை உடைக்கிற விஷயம். தோற்றதை மீட்கத் திரும்ப உட்காருகிறவர்தான் முழுசாகத் தோற்பார்.

ஆகவே என் யோசனைகள்:

ஒன்று, கேசினோவுக்கு ஒரு தொகையை ஊரிலேயே முடிவு செய்யுங்கள். சினிமா டிக்கெட் மாதிரி, போனால் போச்சு என்கிற தொகை. அதை ரொக்கமாக எடுத்துக்கொண்டு, கார்டை அறையின் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுங்கள். ஒரு மணி நேரம், ஒரே ஒரு நாள். அப்பாவுக்குப் பார்க்க ஆசை என்றால் பார்க்கட்டும். பார்க்காமல் வந்தாலும் குறை ஒன்றும் இல்லை.

இரண்டு, விமானத்தைக் கால் வலியை வைத்துத் தேர்ந்தெடுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் உண்டு, சுமார் நான்கு மணி நேரம். இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று எங்கேயோ ஆறு மணி நேரம் காத்திருக்கும் டிக்கெட்டைப் போடாதீர்கள். வீல்சேர் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மூன்று, பயணக் காப்பீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் தேவைப்படும்போது பணம் வராது. மாத்திரைகளும் டாக்டர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். ஜென்டிங்குக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

நான்கு, ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். திருச்செந்தூர் முருகன் கடற்கரையிலேயே இருந்துகொண்டு நமக்கு வேலை வைக்கவில்லை. பத்துமலை முருகன் 272 படி ஏறச் சொல்கிறார். முடியாவிட்டால் கீழே நின்று 140 அடி சிலையைக் கும்பிட்டுவிட்டு வரலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐந்து, இதுதான் முக்கியம். திட்டம் போடும்போது அம்மாவைக் கேளுங்கள். எந்த ஊர், என்ன பார்க்க வேண்டும் என்று நாற்பது வருஷமாக அவரை யாரும் கேட்டதில்லை. "எனக்கென்ன, நீங்க சொன்னா சரி" என்றுதான் முதலில் சொல்வார். இரண்டாவது தடவையும் கேளுங்கள். கப்பலில் போக வேண்டும் என்றோ, பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றோ ஒரு ஆசை வெளியே வரும்.

"இதற்குப் பதில் அந்தப் பணத்தை மருத்துவத்துக்கு வைக்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மருத்துவப் பணம் தனியாக இருக்க வேண்டும், அதில் கை வைத்து யாரும் ஊர் சுற்றக் கூடாது. அது போக மிச்சம் இருந்தால், நடக்கக் கால் இருக்கிறபோதே போய்விட வேண்டும். எழுபத்தைந்தில் பணம் இருக்கும், முட்டி ஒத்துழைக்காது.

இன்னொன்று. மூன்று நாள் கேசினோ ஊரில் இருப்பதைவிட, ஆளில்லா வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்குக் கையில் போனோடு இருப்பதுதான் எனக்குப் பயமாகப் படுகிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராகத் தமிழக அரசு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது, 2025-ல் நாடாளுமன்றமும் தடைச் சட்டம் நிறைவேற்றியது. சட்டம் ஆப்பை மூடலாம். வீட்டின் வெறுமைக்கு அதனிடம் மருந்து இல்லை. ஒரு பயணத்துக்குத் திட்டம் போடுவது, பெட்டி கட்டுவது, திரும்பி வந்து பக்கத்து வீட்டில் படம் காட்டிக் கதை சொல்வது எல்லாம் சேர்ந்தால் ஆறு மாதத்துக்குப் பேச்சு இருக்கும். அதில் ரூலெட் சக்கரம் ஒரு ஓரத்தில் சுற்றிவிட்டுப் போகட்டுமே.