அடுத்த கத்தி யார் கையில்?

பேச்சிப்பாறையில் எனக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. மரம் நட்டு ஏழு வருடம் காத்திருந்தால் பால் வந்துவிடும். பால் வெட்ட ஆள் வருவதுதான் சந்தேகம். எங்களுக்கு வெட்டும் அண்ணாச்சிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மகன்கள் வளைகுடாவில்.

விடியுமுன் தலைவிளக்கோடு இறங்குவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். உயிர்ப்பட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்துக் கத்தியை இழுக்க வேண்டும். கூடுதலாக இறங்கினால் மரம் காயப்படும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே வெட்ட முடியாது. குறைவாக வெட்டினால் பாதிப் பால் மரத்திலேயே நின்றுவிடும்.

இளவட்டங்களுக்குச் சோம்பல் என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. மழை என்றால் வெட்டு இல்லை; வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. எவன் வருவான்?

எங்கள் பேச்சிப்பாறை அணையைப் பாருங்கள். மிஞ்சின் துரை என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் கட்டிய அது 1906-இல் முடிந்தது. அவருக்குப் பிறகும் அணைக்கு இன்ஜினியர் வராமல் போனதில்லை. அது பதவி, ரப்பர் வெட்டு வெறும் கூலிவேலை என்று நினைத்துவிட்டோம்.

ரப்பர் வாரியம் வெட்டுப் பயிற்சி தருகிறது, நல்லது. ஆனால் சில நாள் வகுப்பில் கைப்பழக்கம் வராது. மூத்த வெட்டுக்காரரோடு ஒரு வருடம் ஒரு பையனையோ பெண்ணையோ சேர்த்துவிட்டு, இருவருக்கும் படி கொடுங்கள். மழைநாளுக்குப் பாதிக் கூலியாவது உறுதி செய்யுங்கள். அரசு ரப்பர் கழகம் தன் தோட்டம் ஒன்றிலாவது இதை இந்த வருடமே தொடங்கட்டும்.