சமூகவியல் வகுப்பும் நம் ஈமானும்

நம் சமுதாயத்து இளைஞர்களும் இளம் பெண்களும் கல்லூரி ஆசிரியர்களாகி, சமூகவியல் அறிமுகப் பாடத்தை முதன்முறையாக நடத்தும் பொறுப்பை ஏற்று வருகின்றனர். மகிழ வேண்டிய செய்தி இது. ஆயினும் நம் இல்லங்கள் சிலவற்றில் ஓர் ஐயம் நிலவுகிறது: “மார்க்கம் மனிதன் உண்டாக்கியது என்று சொல்லித் தரும் படிப்பல்லவா அது?”

ஐயத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சமயச் சடங்குகளில் மக்கள் தம்மை அறியாமல் போற்றுவது தம் சமூகத்தையே என்னும் கருத்தை எமில் துர்கைம் 1912இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். அறிமுகப் பாடத்தில் இக்கருத்து இடம்பெறாமல் இருப்பது அரிது. புதிய ஆசிரியர் இதனை மறைத்துவிட்டுக் கடந்து செல்லலாகாது. முடிந்த முடிபாகவும் உரைக்கலாகாது. ஜமாஅத்துத் தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பது மனிதரிடையே எத்தகைய பிணைப்பை வளர்க்கிறது என்பதைச் சமூகவியல் ஆராயலாம். தொழப்படுபவன் யார் என்னும் வினாவை அளக்கும் கருவி அதனிடம் இல்லை. இந்த எல்லையை முதல் வாரத்திலேயே தெளிவாக்கிவிட்டால் மாணவரின் அச்சம் பெரிதும் நீங்கும்.

பாடநூல்கள் பொதுவாக அகஸ்ட் காம்டிலிருந்து தொடங்குகின்றன. நாமோ, “இப்னு கல்தூன்தான் சமூகவியலின் தந்தை” என்று பெருமை பேசி நின்றுவிடுகிறோம். 1377இல் அவர் எழுதிய முகத்திமாவின் சிறப்பு அதன் தொன்மையில் மட்டும் இல்லை. மூஸா நபி (அலை) அவர்களின் படையில் 6 இலட்சம் வீரர்களுக்கு மேல் இருந்தனர் என்று வரலாற்றாசிரியர் மஸ்ஊதி முதலியோர் எழுதியிருந்தனர். அத்துணைப் பெரிய படை ஒரு களத்தில் அணிவகுக்க இயலுமா என்று வினவி, இப்னு கல்தூன் அக்கணக்கை மறுத்தார். சொன்னவரின் புகழை மட்டும் பார்த்துச் செய்தியை ஏற்கலாகாது என்பது அவர் வழி. அவரே பின்னர் கெய்ரோவில் மாலிக்கி காழியாகப் பணியாற்றினார். ஆராய்ச்சி அவரை மார்க்கத்திலிருந்து விலக்கிவிடவில்லை.

அந்த வழியில் நம்மையும் நாம் பார்க்க வேண்டும். மஹர், மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய கடமை. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டமும் முஸ்லிம்களின் மஹரை வரதட்சணையாகக் கருதுவதில்லை. ஆனால் நம் திருமணங்கள் பலவற்றில் சிறு தொகை மஹராக எழுதப்பட, பெருந்தொகை கைக்கூலியாக எதிர்த்திசையில் செல்கிறது. மார்க்கம் ஒன்று சொல்ல, வழக்கம் வேறொன்று செய்வது ஏன்? கைக்கூலித் திருமணங்களைப் புறக்கணிக்கும் ஜமாஅத்துகளும் உள்ளனவே, அங்கு மட்டும் வழக்கத்தை எதிர்க்கும் துணிவு எப்படிப் பிறந்தது? இவை சமூகவியல் வினாக்கள். விடை தேடுவோர் மார்க்கத்தைக் குறை கூறுவோர் அல்லர். மார்க்கத்தின் பெயரால் நாம் செய்வதைச் சோதிப்போர்.

எனவே பெற்றோரே, வகுப்பில் கேட்ட வினாவோடு பிள்ளை வீட்டுக்கு வந்தால் அதட்டி அடக்காதீர்கள், அமர்ந்து பேசுங்கள். ஆசிரியப் பணியில் புதிதாய் நுழைவோரே, பிற சமுதாயங்களை ஆராயும் அதே அளவுகோலால் நம் மஹல்லாவையும் அளந்து காட்டுங்கள். வீட்டில் வாய் மூடவைக்கப்படும் வினா, பதில் தேடி வேறிடம் போகும். அங்கே கிடைக்கும் பதில் நாம் விரும்புவதாக இராது.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அதிகப்படுத்துவானாக! ஆமீன்.