சாம்பலுக்கு எந்தத் திரையும் போதுமா?

"கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதற்கு ஐயா விலையுயர்ந்த மானிட்டர்? நிறமே இல்லையே!" புகைப்படக் கலையைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசும் இடங்களில் தவறாமல் விழும் வாக்கியம் இது. சொல்பவர்கள் பலரும் விவரமறிந்தவர்கள் என்பதால் மறுத்தாக வேண்டியிருக்கிறது.

மோசமான திரை சொல்லும் பொய்யை வண்ணப்படம் ஓரளவு தாங்கிக்கொள்ளும். சிவப்புச் சேலை கொஞ்சம் ஆரஞ்சாகத் தெரிந்தாலும் பார்ப்பவருக்கு அது சிவப்புச் சேலைதான். கறுப்பு வெள்ளைக்கோ ஒளியின் ஏற்ற இறக்கத்தைத் தவிர வேறு மொழி கிடையாது. சாம்பலில் லேசாகப் பச்சை ஏறினாலே படம் கெட்டுவிடும்.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். 8 பிட் திரை 1 கோடியே 67 லட்சம் நிறங்களைக் காட்டும் என்கிறது விளம்பரம். நடுநிலையான சாம்பலுக்குச் சிவப்பும் பச்சையும் நீலமும் சம அளவில் சேர வேண்டும். ஆகவே நமக்கு மிஞ்சுவது 256 படிகள் மட்டுமே. அந்தத் திரையைக் கணினியின் கிராஃபிக்ஸ் அட்டை வழியாகச் சீர்செய்தால் அவற்றிலும் சில தொலைந்து, மூட்டமான வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியலாம். மென்பொருளும் அட்டையும் ஒத்துழைத்தால் 10 பிட் திரையில் 1024 படிகள் கிடைக்கும். சீரமைப்பைத் தனக்குள்ளேயே கூடுதல் நுட்பத்தோடு செய்துகொள்ளும் திரைகளும் உள்ளன. பணத்தை அங்கே செலவிடுங்கள். பரந்த நிறவெளிக்கென்று கொட்டும் காசால் ஒரு சாம்பல்கூட அதிகரிக்காது.

அடுத்தது பிரகாச மோகம். சாதாரணத் திரைகள் சதுர மீட்டருக்கு 250 முதல் 350 காண்டேலா வரை ஒளிர்கின்றன. அச்சுக்காகப் படம் திருத்துபவருக்கு, மங்கலான அறையில் 80 முதல் 120 வரை போதும். அதற்கு மேல் போனால் நிழல்களெல்லாம் திறந்து கிடப்பதாகத் தோன்றும். பிறகு அச்சு இருண்டு வரும்போது பழி அச்சகத்தின் மேல் விழும்! ஓஎல்இடி திரையின் முழுக்கருமை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தாளும் அந்தக் கருமையைத் தராது. சாதாரண ஐபிஎஸ் திரையின் 1000:1 என்ற ஒளி வேறுபாடே தாளால் எட்ட முடியாதது. விஏ வகைத் திரையிலோ தலையைச் சற்று நகர்த்தினாலே நிழலின் அடர்த்தி மாறும்.

"ஆன்சல் ஆடம்ஸிடம் எந்த மானிட்டர் இருந்தது?" என்று மடக்குபவர்களும் உண்டு. அவரும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி, முழுக்கருமை முதல் முழுவெண்மை வரை 11 படிகளாக ஒளியைப் பகுத்தவர்கள். ஈரத்தில் பார்க்கும் அச்சு காய்ந்தபின் சற்றுக் கருக்கும் என்பதை அறிந்து, அதற்கும் இடம் விட்டு அச்சிட்டவர் ஆடம்ஸ். தன் கண்முன் இருப்பது எவ்வளவு பொய் சொல்லும் என்பதை அவர் அளந்து வைத்திருந்தார். நாம் அளப்பதே இல்லை.

சாம்பலின் அருமை மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எக்ஸ்ரே பார்ப்பதற்கென்றே கறுப்பு வெள்ளைத் திரைகள் செய்யப்படுகின்றன. அவற்றின் ஒவ்வொரு படியும் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு டைகாம் தரநிலையில் தனிப் பகுதியே இருக்கிறது. அங்கே ஒரு நிழல் தவறினால் நோய் தவறிவிடும்.

நம்மிடம் தவறிப்போவதும் சிறிய விஷயமன்று. பழைய அசிடேட் நெகட்டிவ்கள் புளித்த வாடையுடன் சுருங்கி அழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்பவர் எதைக் கருமை என்று முடிவு செய்கிறாரோ அதுவே நாளை எஞ்சும். கூசும் திரையில் கண்ணால் மதிப்பிட்டு நிழல்களை வெட்டிச் சேமித்துவிட்டால், திண்ணை இருட்டில் அமர்ந்திருந்த பாட்டியின் முகத்தை நெகட்டிவ் அழிந்தபின் எவராலும் மீட்க முடியாது.

ஆகவே வாங்குமுன், கறுப்பிலிருந்து வெள்ளை வரை சீராக மாறும் ஒரு சாம்பல் பட்டையைத் திரையில் போட்டுப் பாருங்கள். கோடு விழுகிறதா, ஏதேனும் நிறம் எட்டிப்பார்க்கிறதா, மூலைகள் இருள்கின்றனவா என்று கவனியுங்கள். பெரிய திரைக்கு ஆசைப்படாமல் சிறியதாக நல்லதொன்றை வாங்கி, மிச்சப் பணத்தில் திரையை அளந்து சீரமைக்கும் கருவியை வாங்குங்கள். இவ்வளவுக்கும் பொறுமையில்லாதவர்கள் தயவுசெய்து வண்ணப்படமே எடுக்கட்டும்.