நிறுத்திப் பார்க்க வேண்டிய படம்

“சந்திரனில் ஈர்ப்பு விசை இல்லை. ஆகையால் சுத்தியலும் இறகும் ஒரே சமயத்தில் தரையைத் தொட்டன.”

என் முதலாண்டு மாணவர் ஒருவர் தேர்வுத்தாளில் எழுதிய விடை இது. வேறு சிலரும் இதையே வெவ்வேறு சொற்களில் எழுதியிருந்தனர். மாணவ நண்பர்களே, அந்த விடையை இன்னொரு முறை படியுங்கள். ஈர்ப்பே இல்லாத இடத்தில் சுத்தியல் எதற்காகக் கீழே வரவேண்டும்? கைவிட்ட இடத்திலேயே நின்றிருக்க வேண்டுமன்றோ?

பிழையை மாணவர் தலையில் மட்டும் சுமத்திவிட முடியாது. அந்தப் படத்தை அவர்களுக்குக் காட்டியவன் நான்தான்.

1971 ஆகஸ்ட் 2ஆம் நாள், அப்போலோ 15 பயணத்தின் தலைவர் டேவிட் ஸ்காட் சந்திரத் தரையில் நின்றுகொண்டு, ஒரு கையில் 1.32 கிலோகிராம் நிறையுள்ள சுத்தியலையும் மறு கையில் ஒரு வல்லூறின் இறகையும் பிடித்து, ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் சேர்ந்தே விழுந்தன. கலிலியோ சொன்னது சரியே என்றார் அவர். இந்தப் படத்துணுக்கு ஒரு நிமிடம்கூட ஓடாது.

எங்கள் துறையில் காசையும் இறகையும் போட்டு மூடிய கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. காற்றை வெளியேற்றும் பம்பு நெடுநாளாக ஒழுகுகிறது. ஆகவே இறகு என்றும்போல் ஆடி அசைந்துதான் இறங்கும். இந்த நிலையில் ஸ்காட்டின் துணுக்கு எனக்கு வரப்பிரசாதமாகத் தோன்றியது. வெண்திரையில் காட்டினேன். வகுப்பே கைதட்டியது. மறுபடியும் போடச் சொன்னார்கள். பாடம் மனத்தில் பதிந்துவிட்டது என்று மகிழ்ந்து போனேன். தேர்வுத்தாள் வந்த பிறகே விழித்துக்கொண்டேன்.

நடந்தது என்னவென்றால், என் மாணவர்கள் வெறும் மனத்துடன் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நீர்த்துளி உருண்டையாக மிதப்பதைக் கைப்பேசியில் எத்தனையோ தடவை பார்த்து, “காற்று இல்லாத இடத்தில் ஈர்ப்பும் இல்லை” என்று தாமாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தனர். உண்மையில், அந்த நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியின் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது. நிலையமும் அதிலுள்ளவர்களும் நீர்த்துளியும் ஒன்றாக விழுந்துகொண்டே விநாடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் விரைவதால்தான் மிதப்பதுபோல் தோன்றுகிறது. இதைத் துளியின் படம் சொல்லுமா? ஸ்காட்டின் படமும் சொல்லவில்லை. தாம் முன்பே கொண்டிருந்த கருத்தை அவர்கள் புதிய படத்தின்மேல் ஒட்டிக்கொண்டார்கள், அவ்வளவே.

இது என் வகுப்பில் மட்டும் நேர்ந்த விபத்தன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மசூரும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வகுப்பில் ஆசிரியர் செய்து காட்டும் சோதனைகளைப் பற்றியது. படத்துணுக்குகளுக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து. சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்கவே பார்க்காத மாணவர்களைவிட அடிப்படைக் கருத்தை நன்றாக விளங்கிக்கொண்டிருக்கவில்லை! என்ன நிகழும் என்று முன்னதாகவே சொல்லிவிட்டுப் பார்த்தவர்களோ மேலாக விளங்கிக்கொண்டிருந்தனர். இதற்காகக் கூடுதலாகச் செலவான நேரம் ஓரிரு நிமிடங்களே.

மறு ஆண்டு, ஸ்காட் இரு கைகளையும் நீட்டி நிற்கும் இடத்தில் படத்தை நிறுத்தினேன். “எது முதலில் விழும்? எத்தனை விநாடியில் விழும்? ஏன்? எழுதிவிட்டு நிமிருங்கள்” என்றேன். சலசலப்பு எழுந்தது. ஒருவர் “இரண்டும் மிதக்கும்” என்று எழுதினார். பக்கத்தில் இருந்த மாணவி எட்டிப் பார்த்து, “அப்படியானால் அந்த மனிதர் மட்டும் எப்படித் தரையில் நிற்கிறார்?” என்று கேட்டார். நான் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாலும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது.

பிறகு கணக்குப் போட்டோம். விழும் தொலைவு, ஈர்ப்பு முடுக்கத்தையும் நேரத்தின் இருமடியையும் பெருக்கியதில் பாதி. சந்திரனில் ஈர்ப்பு முடுக்கம் 1.62 (நம் புவியில் 9.8). 1.6 மீட்டர் விழ அங்கே சுமார் 1.4 விநாடி ஆக வேண்டும், இங்கே 0.57 விநாடி போதும். படத்தை ஓடவிட்டு நிறுத்துகடிகாரத்தால் அளந்தவர்களுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை விநாடி வரை கிடைத்தது. ஈர்ப்பு இல்லை என்று அதன்பின் ஒருவரும் சொல்லவில்லை. குறைவாக இருக்கிறது என்றார்கள்.

“நிறுத்தி நிறுத்திக் காட்டினால் சுவை கெட்டுவிடுகிறதே, ஐயா” என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவரிடம் முடிவு போகும்போது என்ன செய்கிறீர்கள்? அவுட்டா, இல்லையா என்று பந்தயமே கட்டிவிட்டுத்தான் மறு ஒளிபரப்பைப் பார்க்கிறீர்கள். வாய்விட்டு ஒரு பக்கம் சொன்ன பிறகுதான் கண் கூர்மையாகிறது. துணுக்கு குறுகியதாக இருப்பதன் சிறப்பும் இதுவே. நிறுத்திப் பேச நேரம் மிஞ்சுகிறது.

தவறான படமும் நல்ல ஆசிரியராகக்கூடும். நின்ற இடத்தில் நின்றபடியே கதாநாயகன் ஒரு குத்து விடுகிறான். 70 கிலோகிராம் நிறையுள்ள எதிராளி விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் பறக்கிறான். முட்டி பட்டிருந்த நேரம் பத்தில் ஒரு விநாடி என்று கொள்வோம். சராசரி விசை 3,500 நியூட்டன், அதாவது அத்தகைய ஐந்து ஆட்களின் எடை. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே விசை நாயகன்மீதும் பின்னோக்கிச் செயற்படும். செருப்புக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வு அதைத் தாங்காது. அவனும் 70 கிலோகிராம்தான் என்றால், ஏறக்குறைய அதே வேகத்தில் மறுபக்கம் பறந்திருக்க வேண்டும்! இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் காட்சியைப் பாருங்கள். சிரிப்பு இருமடங்காகும்.

உங்கள் ஆசிரியர் அடுத்த முறை வகுப்பில் படம் போடும்போது, முக்கியமான நொடிக்கு முன்னால் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். கோபிக்கமாட்டார். அவர் நிறுத்தாவிட்டாலும் நோட்டின் ஓரத்தில் உங்கள் ஊகத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

இன்றைக்கே பழக, படம்கூட வேண்டாம். ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து, அதைவிடச் சற்றுச் சிறிதான வட்டமாகக் காகிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள். காகிதத்தை நாணயத்தின்மேல் படியும்படி வைத்து, நாணயம் சாயாதவாறு கிடையாகப் பிடித்துத் தலையுயரத்திலிருந்து விடப்போகிறீர்கள். காகிதம் பிந்துமா, சேர்ந்தே வருமா? காரணத்தையும் எழுதுங்கள். எழுதிய பிறகு விடுங்கள்.